கிரீம், ஃபேஷியல் என்று செலவழிக்காமல், தினசரிப் பழக்கங்களாலேயே சருமத்தை நன்றாக வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் புதிதாகத் தொடங்க வேண்டியவை இரண்டு மூன்றுதான். விட வேண்டியவைதான் நிறைய. நான் தோல் டாக்டர் இல்லை, மருந்துக்கடையில் நிற்கும் பார்மசிஸ்ட். முகத்துக்கு என்று கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒன்றுமே செய்யாததால் தோல் கெட்டவர்களைவிட, ஏதேதோ செய்து கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

முதலில் தேய்ப்பது. நைலான் நாரைப் போட்டு முதுகையும் கையையும் அழுத்தித் தேய்த்தால்தான் குளித்த திருப்தி சிலருக்கு. வருடக்கணக்கில் அப்படித் தேய்த்த இடம் கருத்து, அலை அலையாகக் கோடு விழும். அதையும் அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள்! கையால் சோப்பு போட்டாலே போதும். அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று வியர்வை தங்கும் இடங்களுக்குத்தான் தினமும் தேவை. சாதாரண குளியல் சோப்பின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9, 10 என்று காரமாக இருக்கும். தோலின் மேல்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உள்ளது. டிஎஃப்எம் (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம் என்று உறையில் போட்ட முதல் தர சோப்பும் காரம்தான். குளித்ததும் தோல் இழுத்துப் பிடித்தால், வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால், சோப்பைக் குறையுங்கள். இல்லையென்றால் சோப்பு சேராத கிளென்சருக்கு மாறுங்கள்.

துவட்டி முடித்ததும், ஈரம் முழுதாகக் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். மணம் இல்லாதது, விலை குறைந்தது எதுவானாலும் சரி. கை காலுக்குத் தேங்காய் எண்ணெயே நல்லதுதான். முகப்பரு வருகிறவர்கள் மட்டும் அதை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், துவாரங்களை அடைக்கும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வெயில். மங்கு விழுந்தவர்கள் எத்தனை கிரீம் போட்டாலும் வெயிலுக்கு மறைப்பு இல்லாமல் அது குறையாது. எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) 30 உள்ள சன்ஸ்கிரீன் போதும். சரியான அளவில் போட்டால் தோலைச் சுடும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். எஸ்பிஎஃப் 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுப்பதைவிட, தாராளமாகப் பூசுவது முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் உறையில் போட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். அது நடக்காது என்பவர்களுக்குக் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டும் பெண்களைக் கிண்டல் செய்கிறார்கள்; உண்மையில் அவர்கள் செய்வதுதான் சரி. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும்.

இனி, இந்தப் பதிலை எழுதவே வைத்த விஷயம். "எங்கக்கா போட்டு வெள்ளையானாங்க, அதே ட்யூப் குடுங்கண்ணே" என்று காலி ட்யூபை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு, அதாவது தோலின் அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் மருந்து. போட்ட சில நாளில் முகம் பளிச்சென்று ஆவது உண்மைதான், அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து உள்ளே ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே ட்யூப். படர்தாமரைக்கு இதைப் போடுவது இன்னும் மோசம். அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. சத்தமில்லாமல் தோலில் பரவி, கடைசியில் எந்த மருந்துக்கும் லேசில் கட்டுப்படாது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, மறைக்க என்ன இருக்கிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் ட்யூபோடு தோல் டாக்டரிடம் போங்கள், படிப்படியாக விடவைப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். தண்ணீர் லிட்டர் கணக்கில் குடித்தால் முகம் மின்னும் என்பதெல்லாம் சும்மா. தாகத்துக்குக் குடித்தால் போதும். இனிப்பும் மைதாவும் அதிகமானால் சிலருக்குப் பரு கூடும். ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) குடிக்க ஆரம்பித்த பிறகு பரு வந்த பையன்கள், சில வாரம் அதை நிறுத்திப் பார்க்கலாம். பருவுக்கு டாக்டர் மருந்து கொடுத்தால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தே நாளில் வேறு ட்யூப் கேட்டு வராதீர்கள்.

பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கருத்திருந்தால் அது தேய்த்துப் போகிற சமாசாரமே இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. குண்டான பிள்ளைகளுக்கு இதைப் பார்த்தால் கடலை மாவைத் தேடாமல் சர்க்கரை சோதனைக்குக் கூட்டிப் போங்கள். எடை குறையக் குறையக் கழுத்தும் வெளுக்கும்.

தேமல் என்று வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத்தான். இல்லை என்றால் எந்தக் களிம்பும் கொடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுவேன். தொழுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுதாகக் குணமாகும், அங்கே மருந்தும் இலவசம்.