அம்மி கொத்தத் தெரிந்த டெக்சஸ்காரர்

கேள்வி: நவம்பரில் மகன் வீட்டுக்கு டல்லாஸ் போகிறோம். பழைய குடியேறிகளின் கைத்தொழில்களை இன்றும் விடாமல் செய்யும் கிராமம் ஒன்று பக்கத்தில் இருக்கிறதாமே? காசு கட்டினால் உளி பிடிக்கவும் சொல்லித்தருவார்களாம். வேடம் கட்டி நிற்கிற இடமென்றால் என் கணவர் வரமாட்டார். போகலாமா? (வாசகி, கரூர்)

பதில்: அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். டல்லாஸிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர், வேக்கோ நகருக்கு வெளியே. பெயர் ஹோம்ஸ்டெட் ஹெரிடேஜ். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நடத்துவது ஒரு கிறிஸ்தவச் சமூகம், அன்று கடைகள் மூடியிருக்கும். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியிலேயே போகிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்று அவர்களைப் பலரும் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். அவர்கள் காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் தெளிந்தது. பெண்களின் நீளப் பாவாடை வேடமல்ல, அன்றாட உடை. கொல்லர் அடிப்பதும் விற்பனைக்கான கொக்கிதான்.

என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது மாவு ஆலை. 18ஆம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் கட்டியது; பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் விழுந்து வெளியே சக்கரம் சுற்ற, உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்து மேல்கல்லைச் சுழற்றுகின்றன. கீழ்க்கல் அசையாது, நம் திரிகையேதான். கல்லின் முகத்தில் வெட்டியிருக்கும் வாய்க்கால்கள் மழுங்கினால் மேல்கல்லைத் தூக்கிப் புரட்டி மறுபடி கொத்த வேண்டும். “எங்கள் தெருவில் இதற்கென்றே ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார்” என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். ஆலைக்காரர் சிரிக்கவில்லை. “இப்போதும் வருகிறாரா?” என்று அக்கறையாகக் கேட்டார். “எப்போதாவது” என்று சொல்லிவைத்தேன். பொய். அவர் வந்து இருபது வருடமாவது இருக்கும்; எங்கள் அம்மி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

அந்த ஆலையில் அரைத்த மக்காச்சோள ரவை வாங்கிவந்து உப்புமா கிண்டினேன். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்ததில் அடிப்பிடித்துவிட்டது. நீங்கள் நான்காக வையுங்கள்.

நவம்பர் கடைசியில், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாளை ஒட்டி அங்கே பெரிய சந்தை கூடும். குதிரை சுற்றிவர, இனிப்புச் சோளத் தட்டை ஆலையில் நசுங்கிச் சாறு ஓடும். அதைக் காய்ச்சி, பச்சை நுரையை அள்ளி அள்ளி எடுத்துப் பாகாக்குவார்கள். பத்துப் படிச் சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு படிப் பாகுதான் தேறும். கரும்பும் மாடும் வெல்லமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அடுப்புப் பக்கம் போகும்போதே வாசனை சொல்லிவிடும். ஆனால் கூட்டம் நெரியும். நின்று பேச வேண்டுமென்றால் சந்தை முடிந்த பிறகு ஒரு வாரநாளில் போங்கள்.

வகுப்பு விஷயம் உண்மைதான். தச்சு வேலை, கொல்லர் வேலை, குயவர் வேலை, நெசவு எல்லாவற்றுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறார்கள். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. என் அப்பா தச்சர். அவரிடம் சேர்ந்த பையன் முதல் ஆறு மாதம் உளி தீட்டுவான், சுருள் பெருக்குவான், டீ வாங்கிவருவான். அதன் பிறகுதான் மரத்தைத் தொடலாம். சில நாள் வகுப்பில் யாரும் தச்சராகிவிட முடியாது. ஆனால் ஆணியே இல்லாமல், ஒரு கட்டையின் துளையில் இன்னொன்றின் நாக்கைச் செருகி மர முளை அடித்து இரண்டையும் சேர்க்க எத்தனை முறை இழைத்துப் பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். அப்பாவிடம் கட்டிலுக்குப் பேரம் பேசியவர்களில் நான்கு பேரையாவது அங்கே உட்காரவைத்திருக்கலாம்.

உங்கள் கணவர் சேர்வதாக இருந்தால் முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளட்டும். உளி காலில் விழுந்தால் என்னைத் திட்டாதீர்கள்.