விலை வந்தது, தேதி வந்ததா? க்னூகேஷ் கேள்வி-பதில்

க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "விலை வரவில்லை" ரகம்தான். எந்தப் பதிப்பு, விலை தரும் மூலம் (இணையதளம்) எது, பங்கின் குறியீடு என்ன என்ற மூன்றையும் எழுதாதவர்களுக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும். ஊகம் பலித்தால் உங்கள் யோகம்.

க்னூகேஷில் விலை எடுக்கும் பட்டன் மங்கலாகவே கிடக்கிறது. என்ன செய்வது? (உச்சிப்புளி)

விண்டோஸா, லினக்ஸா என்றுகூட எழுதவில்லை. விலையை எடுத்துத் தருவது க்னூகேஷ் அல்ல, ஃபைனான்ஸ் கோட் என்ற பெர்ல் மொழித் தொகுதி. அது இல்லாவிட்டால் பட்டன் மங்கித்தான் கிடக்கும். உபுண்டு, டெபியனில் அது கூடவே வரவில்லையென்றால் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் க்னூகேஷோடு வரும் விலை நிறுவியை ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். பெர்லையும் அதுவே கொண்டுவரும். பிறகு க்னூகேஷை மூடித் திறக்க வேண்டும். 5-ஆம் பதிப்பு என்றால் டெர்மினலில் க்னூகேஷ்-சிஎல்ஐ கட்டளையைக் 'கோட்ஸ் இன்ஃபோ' என்று கேட்டுப் பாருங்கள். தொகுதியின் பதிப்பும் மூலங்களின் பட்டியலும் வந்தால் எல்லாம் சரி.

லினக்ஸ் களஞ்சியத்தில் இருக்கும் தொகுதி பெரும்பாலும் பழசு. மூலத் தளங்கள் அடிக்கடி முகம் மாற்றுகின்றன. பழைய தொகுதிக்கு அது தெரியாது. பெர்ல் தொகுதிகளின் இணையக் களஞ்சியமான சீபேன் வழியாகப் புதியதைப் போடுங்கள்.

இன்ஃபோசிஸ் யாஹூவில் ஒழுங்காக வந்தது. மூலத்தை என்.எஸ்.இ. இந்தியா (தேசியப் பங்குச் சந்தை) என்று மாற்றியதும் நின்றுவிட்டது. (தொண்டி)

மூலத்தை மாற்றினீர்கள், குறியீட்டை மாற்றினீர்களா? யாஹூவுக்குத்தான் பின்னால் 'புள்ளி என்.எஸ்.' ஒட்டு வேண்டும். மும்பைச் சந்தை என்றால் 'புள்ளி பி.ஓ.'. என்.எஸ்.இ. மூலத்துக்கு வெறும் ஐ.என்.எஃப்.ஒய். போதும். செக்யூரிட்டி எடிட்டரில் குறியீடு என்று எழுதியிருப்பது அப்படியே மூலத்துக்குப் போகிறது, நடுவில் யாரும் திருத்துவதில்லை. விருப்பமான மூலம் பட்டியலில் தெரியாவிட்டால் 'அன்னோன்' பிரிவைத் திறந்து பாருங்கள். க்னூகேஷுக்குப் பெயர் தெரியாத புது மூலங்கள் அங்கேதான் இருக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் போடும் எஸ்.ஐ.பி.யில் 47.382 யூனிட் வந்தது. க்னூகேஷ் 47 என்று வைத்துக்கொள்கிறது. 40 ரூபாய் எங்கே போனது? (மண்டபம்)

எங்கும் போகவில்லை. செக்யூரிட்டி எடிட்டரில் பின்னம் 1-க்கு 1 என்று இருக்கிறது. அதை 1-க்கு 1000 ஆக்குங்கள். கணக்கின் திருத்தப் பக்கத்திலும் மிகச் சிறிய பின்னம் செக்யூரிட்டியின் அளவையே பின்பற்றுகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்ட பதிவுகள் தாமாக வளராது. ஒவ்வொன்றாகத் திறந்து யூனிட்டை மறுபடி எழுத வேண்டும். அதற்கு முன் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே இன்னொன்று. 5,000 ரூபாய் கட்டினால் யூனிட்டாக மாறுவது 4,999.75தான். 2020 ஜூலை முதல் 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு. அந்த 25 காசைத் தனிச் செலவாகப் பிரித்து எழுதினால் 105.52 என்ற என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) கணக்கோடு ஒட்டும். எழுதாவிட்டால் விலைப் பட்டியலில் அழுக்கான தசமம் ஒன்று ஏறி உட்காரும்.

சார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாஹூவிலிருந்து விலை எடுக்கும்படி கிரானில் (கட்டளையைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டிருக்கிறேன், 18 பங்கு. ஒரு நாள் ஓடியது, இப்போது 429 என்று பிழை. வேறு நல்ல மூலம் சொல்லுங்கள். (ராமேஸ்வரம்)

சொல்ல மாட்டேன். 429 என்றால் "அளவுக்கு மீறிக் கேட்கிறாய்" என்று அர்த்தம். சந்தை 9.15-க்குத் திறந்து 3.30-க்கு மூடுகிறது. ஆறேகால் மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 75 முறை, 18 பங்கு: ஏறத்தாழ 1,350 கேள்வி. ஒரு வீட்டுக் கணக்குக்கு, ஒரே நாளில்.

யாஹூ நமக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 2017 நவம்பரில் பழைய சி.எஸ்.வி. (கமாவால் பிரித்த உரைக் கோப்பு) வழியை ஒரே நாளில் மூடினார்கள். உலகம் முழுக்கக் கணக்கு மென்பொருள்கள் விலை இல்லாமல் நின்றன. 2023-ல் குக்கீயும் அதோடு ஒரு சங்கேதத் துணுக்கும் இல்லாமல் தர மாட்டேன் என்றார்கள். ஆல்ஃபா வான்டேஜ் என்ற விலைத் தளத்தின் இலவச கீ (அனுமதிச் சாவி) ஒரு காலத்தில் நாளைக்கு 500 கேள்வி தாங்கியது, இன்று 25தான். இலவசக் குழாய் ஒவ்வொன்றும் இறுகியதில் இப்படிக் கிரானில் போட்டவர்களின் பங்கு கொஞ்சமல்ல. அவதி மட்டும் மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவனுக்கும் சேர்த்து.

சரி, எடுத்துத்தான் என்ன கண்டீர்கள்? க்னூகேஷின் விலைப் பெட்டி ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு விலையைத்தான் வைத்துக்கொள்ளும். 11.05-க்கு எடுத்தது 11.00-க்கு எடுத்ததை அழிக்கும். 75 முறை கேட்டு 74-ஐக் கொட்டியிருக்கிறீர்கள். அதைவிட மோசம், பகல் 2 மணிக்கு மின்சாரம் போய் மாலையில் ஓடவில்லை என்றால் அந்த நாளின் விலையாக 2 மணி விலையே நிலைத்துவிடும். ஏலக் கூடத்தில் கூவுகிற விலையெல்லாம் சிட்டையில் ஏறுவதில்லை, எதற்கு முடிந்ததோ அதுதான் ஏறும். கணக்குப் புத்தகத்துக்கும் முடிவு விலை மட்டுமே. நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க ஆசை என்றால் தரகரின் செயலியைத் திறந்து பாருங்கள். கணக்கை இதில் இழுக்காதீர்கள்.

கிரான் வரியைக் காலை 8 மணிக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். முந்தைய நாளின் முடிவு விலை அதற்குள் நிலைத்திருக்கும். இரவு 11 மணிக்குள் வெளியாகும் என்.ஏ.வி.களும் வந்திருக்கும். வெளிநாட்டில் முதலிடும் ஃபண்ட்கள் மட்டும் இன்னும் தாமதிக்கும். நீண்டகால முதலீட்டாளர் என்றால் சனிக்கிழமை காலை ஒருமுறை போதும். எடுத்து முடித்ததும் விலைப் பட்டியலில் தேதியைப் பாருங்கள். விலை மாறியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

தொடர்ந்து 3 நாள் விலை எடுக்கவில்லை, புயலில் நெட் இல்லை. கணக்கு கெடுமா? (திருப்பாலைக்குடி)

கெடாது. மாதக் கடைசி விலை இருந்தால் போதும்.

மியூச்சுவல் ஃபண்ட் விலை ஆம்ஃபியிலிருந்து (ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம்) பிழையில்லாமல் வருகிறது, ஆனால் அசையவே மாட்டேன் என்கிறது. (பெரியபட்டினம்)

தேதியைப் பாருங்கள். ஆம்ஃபியின் என்.ஏ.வி. கோப்பு அரைப்புள்ளிகளால் பிரித்த ஒரு சாதாரண உரைக் கோப்பு: திட்ட எண், இரண்டு ஐ.எஸ்.ஐ.என். (அடையாளக் குறியீடு), பெயர், என்.ஏ.வி., கடைசியில் தேதி. இணைக்கப்பட்ட, மூடப்பட்ட திட்டங்களின் வரிகளும் அதில் பழைய தேதியோடு தொங்கும். உங்கள் திட்டம் வேறொன்றில் கரைந்திருக்கலாம். ஃபண்ட் நிறுவனத்தின் அறிக்கையிலுள்ள ஐ.எஸ்.ஐ.என்.-ஐக் கோப்பில் தேடி, அந்த வரியின் முதல் எண்ணைக் குறியீடாக இடுங்கள். பெயரைப் பார்த்துத் தேர்ந்தால் டைரக்டுக்குப் பதில் ரெகுலர், குரோத்துக்குப் பதில் ஐ.டி.சி.டபிள்யூ. (டிவிடெண்ட் வகை) என்று மாட்டிக்கொள்வீர்கள். ஒரே ஃபண்டுக்கு நான்கைந்து எண் உண்டு, நான்கைந்து விலையும் உண்டு.

ரிலையன்ஸ் 100 பங்கு. போனஸ் வந்த பிறகு பழைய விலைகளை யாஹூவிலிருந்து மொத்தமாக இறக்கி சி.எஸ்.வி. வழியாக ஏற்றினேன். 2024 செப்டம்பர் இருப்புநிலையில் என் சொத்து பாதியாகிவிட்டது! (பாம்பன்)

நல்ல கேள்வி, விவரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். யாஹூவின் பழைய விலைகள் போனஸுக்கும் முகமதிப்புப் பிரிப்புக்கும் பின்னோக்கிச் சரிசெய்யப்பட்டவை. ரிலையன்ஸ் 1-க்கு 1 போனஸின் பதிவு நாள் 2024 அக்டோபர் 28. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் சந்தையில் விலை சுமார் 2,650. யாஹூவின் வரலாற்றில் அதே நாளுக்கு இன்று சுமார் 1,325 இருக்கும். உங்கள் புத்தகத்திலோ அன்றைக்கு 100 பங்குதான். நூறை 1,325-ஆல் பெருக்கினால் பாதிதான் வரும்.

வரைபடம் போடுகிறவனுக்கு யாஹூ செய்வது சரி, கணக்கு எழுதுகிறவனுக்குத் தவறு. அன்றைய எண்ணிக்கைக்கு அன்றைய விலைதான் வேண்டும். அது சந்தை தினமும் வெளியிடும் விலைக் கோப்பான பாவ்காப்பியில் கிடைக்கும். யாரும் பின்னால் போய்த் திருத்துவதில்லை. ஏற்றிய விலைகளில் 2024 அக்டோபர் 28-க்கு முந்தைய ரிலையன்ஸ் வரிகளை அழித்துவிட்டு, மாதக் கடைசி விலைகளை மட்டும் பாவ்காப்பியிலிருந்து எடுத்து ஏற்றுங்கள். அழிப்பதற்கு முன் நகல்.

பாவ்காப்பியைத் தானே படிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு: 2024 ஜூலை 8 முதல் அதன் வடிவம் மாறிவிட்டது, பழைய நெடுவரிசைத் தலைப்புகள் கிடையாது. ஈ.க்யூ. (வழக்கமான வர்த்தகம்) தொடரை மட்டும் வடிகட்டும் ஸ்கிரிப்ட், பங்கு பி.ஈ. (கட்டுப்பாட்டோடு நடக்கும் வர்த்தகம்) தொடருக்குத் தள்ளப்பட்ட அன்று வாயை மூடிக்கொள்ளும்.

போனஸ் பங்குகளை ஸ்டாக் ஸ்ப்ளிட் உதவியாளர் மூலம் பதியலாம். தேதி, விலை இறங்கிய நாளாக இருக்க வேண்டும். டீமேட் கணக்கில் பங்கு வந்த நாளைப் போட்டால் நடுவில் சில நாள் சொத்து பாதியாகத் தெரியும். வரிக்கு வரும்போது மட்டும் இரண்டையும் குழப்பாதீர்கள்: முகமதிப்பைப் பிரித்தால் பழைய அடக்கவிலையும் பிரியும், போனஸ் பங்கின் அடக்கவிலையோ பூஜ்யம்.

எங்கள் விசைப்படகில் எனக்கு நாலில் ஒரு பங்கு. அதையும் பங்காகப் போட்டு விலை கொடுக்கலாமா? (மண்டபம்)

கூடாது. நிலைச் சொத்தாக எழுதி வருடத்துக்கு ஒருமுறை தேய்மானம் போடுங்கள். தடைக்கால 61 நாளில் படகின் சந்தை விலை என்ன என்று எந்த மூலமும் சொல்லாது.

துபாயில் வேலை. கணக்கு ரூபாயில். திர்ஹாம் மாற்று விகிதம் மட்டும் வருவதில்லை. (கீழக்கரை)

நாணயங்களுக்கு ஃபைனான்ஸ் கோட் இயல்பாக நம்புவது ஆல்ஃபா வான்டேஜை. கீ இல்லாவிட்டால் எதுவும் வராது. க்னூகேஷின் விருப்பங்களில் ஆன்லைன் கோட்ஸ் பக்கத்தில் கீயை ஒட்டுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி மூலத்துக்கு மாற்றிப் பயனில்லை. அவர்களுடைய பட்டியலில் திர்ஹாமே இல்லை.

இதற்கெல்லாம் அலையவும் வேண்டாம். திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலர் 3.6725 திர்ஹாம். டாலர்-ரூபாய் விகிதத்தை இதனால் வகுத்துக் கையால் எழுதுங்கள். டாலர் 85 என்றால் திர்ஹாம் 23.145. ஊருக்கு அனுப்பிய பணத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். அங்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்த சீட்டில் உள்ள விகிதமே கணக்கு.

ஷரியா பீஸ் ஈ.டி.எஃப். (பங்குபோல் சந்தையில் விற்கும் ஃபண்ட்) வைத்திருக்கிறேன். ஆம்ஃபியில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை. எது? (கீழக்கரை)

சந்தை விலை. விற்கும்போது கைக்கு வருவது அதுதான்.

2025 மார்ச் 31-க்கு ஒரு பங்குக்கும் விலை இல்லை. மூலம் கெட்டுவிட்டதா? (ஏர்வாடி)

ஏர்வாடியிலிருந்து இந்தக் கேள்வியா! அன்று நோன்புப் பெருநாள், சந்தை விடுமுறை. 29, 30 சனி, ஞாயிறு. அந்த நிதியாண்டின் கடைசி வர்த்தக நாள் மார்ச் 28. முந்தைய ஆண்டும் புனித வெள்ளி குறுக்கிட்டதால் மார்ச் 28-ல்தான் முடிந்தது. 28-ஆம் தேதி விலையை 28 என்றே விட்டுவையுங்கள், 31 என்று திருத்தி எழுதாதீர்கள். அறிக்கையின் விலை மூலத்தில் 'தேதிக்கு மிக அருகில்' என்று வைத்தால் ஏப்ரல் 1 விலையும் போட்டிக்கு வரும், அது 31-க்கு இன்னும் பக்கம். அறிக்கையில் எந்தத் தேதி விலை விழுந்தது என்று பாருங்கள்.

ஹெச்லெட்ஜர் என்ற இன்னொரு கணக்கு மென்பொருள்காரர்களுக்கு: அறிக்கையின் முடிவுத் தேதி அன்றைய நாளைச் சேர்க்காது. மார்ச் 31 வரை வேண்டுமென்றால் ஏப்ரல் 1 என்று கொடுக்க வேண்டும். ஆம்ஃபி எண்ணைச் சரக்குப் பெயராக வைத்திருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள்.

2018 ஜனவரி 31 விலையை எடுத்து வைக்கச் சொல்கிறார் ஆடிட்டர். முடிவு விலை எடுத்துவிட்டேன், சரிதானே? (தேவிபட்டினம்)

சரியில்லை. அதற்கு முன் வாங்கியவற்றின் லாப வரிக்காகக் கேட்கிறார்; பங்குக்கு வேண்டியது அன்றைய உச்ச விலை. மியூச்சுவல் ஃபண்டுக்கு மட்டும் அன்றைய என்.ஏ.வி. பாவ்காப்பியில் உச்ச விலைக்குத் தனி நெடுவரிசை இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள். யாஹூவில் எடுத்தால் பாம்பன்காரர் பட்ட பாடுதான். அந்த உச்ச விலையை விலைப் பட்டியலில் ஏற்றாமல் செக்யூரிட்டியின் கணக்குக் குறிப்பில் எழுதி வையுங்கள். அது வரிக் கணக்குக்கு உரியது, சொத்து மதிப்புக்கு அல்ல.

ஒரு பங்குக்கு மட்டும் தவறான விலை நிற்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் மாறவில்லை. (தொண்டி)

அதே தேதிக்கு நீங்களே கையால் ஒரு விலை எழுதியிருப்பீர்கள். கையால் எழுதியதை இணைய விலை மிதிக்காது. விலைப் பட்டியலில் அந்த வரியை அழித்துவிட்டு அன்றைக்கே மறுபடி எடுங்கள். நாள் கடந்துவிட்டால் பாவ்காப்பியைப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.