கட்சி கிடக்கட்டும், உறையைத் திருப்புங்கள்

கேள்வி: ஸ்வீடனின் இன் ஃப்ளேம்ஸ் குழு 2002இல் வெளியிட்ட 'ரீரூட் டு ரீமெயின்' ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உறுமலை விட்டுவிட்டுப் பல்லவிகளைச் சாதாரணக் குரலில் பாடியது மெலோடிக் டெத் மெட்டலுக்கு (உறுமல் குரலோடு இனிய கிதார் மெட்டுகளைச் சேர்க்கும் கனத்த ராக் இசைக்கு) செய்த துரோகம் என்கிறார்கள் பழைய ரசிகர்கள். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: கட்சி கிடக்கட்டும். துரோகம் என்று சொல்லிவிட்டீர்களே, அதற்கு முதலில் வருகிறேன். துரோகக் கணக்கெல்லாம் பார்த்திருந்தால் இன் ஃப்ளேம்ஸின் ஊரான கோத்தன்பர்க் நகரத்தில் இந்த இசை வளர்ந்தே இருக்காது. 1993இல் அதே ஊர்க் குழுவான டார்க் ட்ராங்குவிலிட்டியின் முதல் ஆல்பத்தில் பாடியவர் யார்? இன்று இன் ஃப்ளேம்ஸின் முகமாக இருக்கும் ஆண்டர்ஸ் ஃப்ரீடேன். அங்கே கிதார் வாசித்துக்கொண்டிருந்த மிக்கேல் ஸ்டான்னே, மறு வருஷம் இன் ஃப்ளேம்ஸின் முதல் ஆல்பத்தில் பாடிக் கொடுத்தார். அப்புறம் ஸ்டான்னே தன் குழுவுக்கே பாடகரானார், ஃப்ரீடேன் இன் ஃப்ளேம்ஸுக்கு வந்தார். விளைவு: 1995இல் டார்க் ட்ராங்குவிலிட்டியின் 'தி கேலரி', 1996இல் இன் ஃப்ளேம்ஸின் 'தி ஜெஸ்டர் ரேஸ்'. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த இசைவகை ஏழையாகியிருக்கும்.

சாதாரணக் குரல்தான் குற்றம் என்றால், அதே ஸ்டான்னே 1999இல் 'ப்ரொஜெக்டர்' ஆல்பத்தில் உருகி உருகிப் பாடினாரே! அதைத் துணிச்சல் என்று மெச்சும் நண்பர்களே ஃப்ரீடேனைத் திட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சொல்லி வருவதை மறுபடியும் சொல்கிறேன். ஆல்பத்தின் உறையைத் திருப்பிப் பாருங்கள், யார் தயாரித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள் என்று படியுங்கள். இன் ஃப்ளேம்ஸின் 'காலனி' (1999), 'க்ளேமேன்' (2000), 'ரீரூட் டு ரீமெயின்' மூன்றிலும் வாசித்தவர்கள் அதே 5 பேர்தான். ஃப்ரீடேன், யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட், பியோர்ன் யெலோட், பீட்டர் இவெர்ஸ், டேனியல் ஸ்வென்சன். மாறியது ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தவர். அதுவரை ஸ்டுடியோ ஃப்ரெட்மனில் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமோடு வேலை செய்தவர்கள், இந்த முறை டேனியல் பெர்க்ஸ்ட்ராண்டிடம் போனார்கள். மெஷுகா என்ற இன்னொரு ஸ்வீடன் மெட்டல் குழுவின் 'டிஸ்ட்ராய் எரேஸ் இம்ப்ரூவ்' ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். அந்தக் காது இறுக்கமான தாளத்தையும் கனமான அடியையும் தேடும். நோர்ட்ஸ்ட்ரோம் கையில் முன்னால் நின்று பாடிய இரட்டைக் கிதார்கள், இங்கே கீபோர்டுக்கும் பல்லவிக்கும் பின்னால் போய்விட்டன. என் வருத்தம் அதுதான். குரலைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. இதிலுள்ள 'க்ளவுட் கனெக்டட்' பாடல் இன்றைக்கும் என்னை ஆட்டிவைக்கிறது. 'ஜெஸ்டர் ரேஸ்' 10 பாடல்களில் முடிந்தது, இதில் 14. நாலைந்தை வெட்டியிருந்தால் இந்தச் சண்டையில் பாதி இருந்திருக்காது.

ஒலிப்பதிவுக்காரரை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஸ்டாக்ஹோமைப் பாருங்கள். அங்கே சன்லைட் ஸ்டுடியோவில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்த என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990இல் வந்தது. பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 என்ற, கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெடலில் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகினால் ரம்பம் அறுப்பதுபோல ஒரு சத்தம் வரும். அந்த ஆல்பத்தில் கேட்கும் அந்தச் சத்தமே ஒரு நகரத்தின் அடையாளமாகிவிட்டது. நிறுவனம் அந்தப் பெடலைத் தயாரிப்பதை 1991இல் நிறுத்தியது. பழைய பெடலை இசைக்கலைஞர்கள் தேடித் தேடி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2021இல் நிறுவனமே புதுப் பதிப்பு கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு பெடலுக்கும் ஓர் அறைக்கும் இவ்வளவு பலம் உண்டு. நம் ரசிகர்களோ பாடகரின் தொண்டையையும் தலைமுடியையும் தாண்டி எதையும் பார்ப்பதில்லை!

சரி, ஒன்று செய்யுங்கள். 'க்ளேமேனை'யும் 'ரீரூட்டை'யும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேளுங்கள். பாடகரை விட்டுவிட்டு கிதார்க்காரர்கள் ஸ்ட்ரோம்ப்ளாடும் யெலோட்டும் எங்கே சேருகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று மட்டும் பின்தொடருங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள், முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.