காலாவதியான டொமைனுக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறோம், ஆன்லைனிலும் விற்க விருப்பம். ஊர்ப்பெயரும் முந்திரியும் சேர்ந்த டாட் காம் பெயர் (டொமைன், அதாவது இணைய முகவரி) ஒன்று காலாவதியாகியிருக்கிறது. 12 ஆண்டுப் பழமையும் நல்ல 'அத்தாரிட்டி' மதிப்பெண்ணும் இருப்பதால் 40,000 ரூபாய் பெறும் என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் இப்போது தரகரிடம்தான் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் அதன் 'ஸ்டேட்டஸ்' (தற்போதைய நிலை) தெரியும்.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றே பொதுவுக்கு வந்துவிடாது. பதிவு நிறுவனம் அதை 45 நாட்கள் வரை வைத்திருக்கலாம். பல நிறுவனங்கள் அதற்குள் ஏலமும் விடுகின்றன. நீக்கப்பட்டபின் 30 நாட்கள் 'ரிடெம்ப்ஷன்' காலம். அப்போது பழைய உரிமையாளர் மட்டுமே கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க முடியும். கடைசி 5 நாட்கள் 'பெண்டிங் டெலீட்'. அதில் யாராலும் தொட முடியாது. அதன்பின் முந்துபவருக்குச் சாதாரணப் பதிவுக் கட்டணத்திலேயே, ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு, கிடைத்துவிடும். ஸ்டேட்டஸில் 'ரிடெம்ப்ஷன்' அல்லது 'பெண்டிங் டெலீட்' என்று தெரிந்தால், விற்பதற்குத் தரகரிடம் எதுவுமே இல்லை என்று பொருள். அவர் செய்யப்போகும் 'பேக்ஆர்டர்' பதிவை (பெயர் விடுபட்டதும் நமக்காகப் பிடித்துத் தரச் சொல்லும் முன்பதிவை) நீங்களே செய்துகொள்ளலாம்.

அந்த 'அத்தாரிட்டி' மதிப்பெண்ணுக்காக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். அது ஒரு தளம் தேடலில் எவ்வளவு செல்வாக்கு பெறும் என்று தனியார் நிறுவனங்கள் போடும் கணக்கு; கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. பெயர் முழுதாக நீக்கப்பட்டு மறுபதிவானால் 12 ஆண்டு வயதும் புதிதாகத் தொடங்கும். பழைய டொமைனின் நற்பெயரை வைத்து உப்புச்சப்பில்லாத பக்கங்களை மேலேற்றுவதை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிமீறலாகவே அறிவித்துவிட்டது. உண்மையான சரக்கை விற்கும் உங்களுக்கு அதனால் பயமில்லை. ஆனால் பிற தளங்களிலிருந்து அந்தப் பெயருக்கு வரும் பழைய இணைப்புகளை நம்பி விலை பேசாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பெயரின் கடந்த காலத்தைப் பற்றித்தான். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஆண்டுவாரியாகப் பாருங்கள். நடுவில் சூதாட்டமோ, மாத்திரை விற்பனையோ, சம்பந்தமில்லாத ஜப்பானிய எழுத்துகளோ தென்பட்டால் விட்டுவிடுங்கள். தரகரே உரிமையாளர் என்றால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' (கூகுள் விதித்த தண்டனைகள்) பக்கத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே போதுமான பதில். அந்தப் பெயர் யாருடைய வணிக முத்திரையாகவாவது இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அப்படி இருந்தால் யூடிஆர்பி (டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் ஐகேன் நடைமுறை) வழக்கில் பெயர் பறிபோகலாம்.

பெயருக்கென்று மதிப்பே இல்லையா என்றால், உண்டு. பண்ருட்டி என்றதும் முந்திரி நினைவுக்கு வருபவர்கள் ஏராளம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஊர்ப்பெயரை ஒரு 'டி' போட்டும் இரண்டு 'டி' போட்டும் எழுதுகிறார்கள். நாலைந்து வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் விலையைப் பாதியாகக் குறையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், என் கணக்கில் 10,000 ரூபாய் வரை பேசலாம். பணத்தை எஸ்க்ரோ (இரு தரப்புக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் சேவை) வழியாகவே செலுத்துங்கள். பெயர் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறியபிறகே தொகையை விடுவியுங்கள். பேரம் படியவில்லை என்றால், அதே பெயர் டாட் இன்னில் காலியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.