ரை விஸ்கியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவிலை ஸ்காபரோவுக்கு வந்து முதல் விண்டர், வேலையிலை சுப்பர்வைசர் கிறிஸ்மஸுக்கு வீட்டை வரச்சொல்லியிருக்கிறார், அவர் ரை குடிக்கிறவராம், ரை எண்டா என்ன, என்ன போத்தில் வாங்கிக்கொண்டு போறது எண்டு கேட்டிருக்கிறீர். அதோடை கிரெடிட் கார்ட், ஸ்னோ ரயர், பேஸ்மென்ட் வாடகை எண்டும் கேட்டிருக்கிறீர். அதுகளுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம், ஸ்னோ ரயரை மட்டும் காசு பாக்காமல் போடும். நான் ரையைப் பற்றித்தான் சொல்லுவன், அதை எங்கடை ஆக்கள் உமக்குச் சொல்லித்தர மாட்டினம்.

முதல்லை, முந்நூறு டொலருக்கு மேலை குடுத்து ஸ்கொட்ச் வாங்கிக்கொண்டு ஓடாதையும். உந்தப் பழக்கத்தைப் பாத்துப் பாத்து எனக்கு மனம் எரியும். ஹோல் எடுத்துப் பிள்ளைக்குப் பிறந்தநாள் செய்வினம், மேசைக்கு மேசை லேபிள் தெரியிற மாதிரி ஸ்கொட்ச் வைப்பினம், பிறகு அதை அரைக் கிளாஸ் ஊத்தி மிச்சத்துக்குக் கோக் விட்டு ஐஸ் நிரப்பி ஆட்டிறைச்சிப் பிரட்டலோடை ஒரே மூச்சிலை இறக்குவினம். என்ன மணம், என்ன ருசி எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, விலை மட்டும் தெரியும். ஊரிலை தவறணையிலை பனையோலைப் பிளாவிலை கள்ளுக் குடிச்ச பெரியாக்கள் ஒரு முறடு குடிச்ச உடனை இது காலமைக் கள்ளோ பின்னேரக் கள்ளோ எண்டு சொல்லிப்போடுவினம். அப்பிடிப்பட்ட ஆக்களின்ரை பிள்ளையள் தான் இஞ்சை முப்பது வருசம் இருந்தும் இந்த நாட்டிலை என்ன வடிக்கிறாங்கள் எண்டு தெரியாமல் இருக்கினம்.

ரை ஒரு தானியம், கறுத்தப் பாண் சுடுறாங்களே, அது. அதிலை வடிச்ச விஸ்கிக்கு ஒரு காரம் இருக்கு, மிளகு, கிராம்பு, கொஞ்சம் கறுவா. ஆனா இஞ்சை லேபிளிலை ரை எண்டு போட்டிருக்கு எண்டதுக்காக உள்ளுக்கை ரை கனக்க இருக்கெண்டு நம்பாதையும். கனடாச் சட்டத்துக்குக் கனேடியன் விஸ்கி, கனேடியன் ரை விஸ்கி, ரை விஸ்கி மூண்டும் ஒண்டுதான். மூண்டு வருசமாவது கனடாவிலை மரப்பீப்பாவிலை கிடந்திருக்கோணும், அல்ககோல் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது, ஆனா இவ்வளவு ரை இருக்கோணும் எண்டு ஒரு கணக்கும் இல்லை, கனக்கப் போத்திலிலை பெரும்பங்கு சோளம்தான். அமெரிக்காவிலை ரை எண்டு போட்டா தானியத்திலை 51 வீதமாவது ரை இருக்கோணும், உள்ளுக்கை கருக்கின புது ஓக் பீப்பாவிலை வைக்கோணும். அந்தச் சாமானைத் தேடி அலையாதையும், 2025 மார்ச்சிலை அமெரிக்காவோடை வந்த வரிச்சண்டையோடை எல்சிபிஓ எண்ட ஒன்டாரியோ அரசாங்கச் சாராயக் கடைத் தட்டிலை இருந்து அமெரிக்கப் போத்தில் எல்லாத்தையும் எடுத்துப்போட்டினம்.

எனக்குக் கனடா முறைதான் விருப்பம். அமெரிக்காவிலை தானியங்களை ஒண்டாக் கலந்து புளிக்கவிட்டு வடிப்பாங்கள். இஞ்சை பெரும்பாலும் சோளத்தை வேறையா, ரையை வேறையா வடிச்சு, வேறை வேறை பீப்பாவிலை வைச்சுக் கடைசியிலைதான் கலக்கிறது, அப்ப கலக்கிற ஆளின்ரை கைப்பக்குவம் தான் ருசி. ரையை மட்டும் போட்டு வடிக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை, பிசுபிசுத்துக் குழாயெல்லாம் ஒட்டும், புளிக்கேக்கை நுரை பொங்கித் தொட்டியாலை வழியும். அப்பிடியிருந்தும் கல்கரியிலை 1946இலை தொடங்கின டிஸ்டிலரியிலை இருந்து அல்பேர்ட்டா பிரீமியம் எண்டு நூறு வீத ரை வருகுது, விலையும் பெரிசில்லை.

அதைத்தான் எனக்கு முதல்முதல் தந்தது, 90களிலை நான் இரவு வேலை செய்த பக்டறியிலை வெல்டிங் செய்த ஒரு மனிட்டோபாக்காரர். அந்த நேரம் நாங்கள் ஒரு அறைக்குள்ளை ஆறேழு பேர், ஒருத்தன் எழும்பத்தான் மற்றவன் படுக்கலாம், இங்கிலிஷ் வாயிலை வராது, வேலையிலை ஒருத்தரும் என்னோடை இருந்து சாப்பிடுறேல்லை. அந்த மனிசன் ஒரு சனிக்கிழமை விடிய வேலை முடியத் தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போய், குடிக்கத் தர முன்னம் என்ரை உள்ளங்கையிலை ரெண்டு சொட்டு விட்டு ரெண்டு கையையும் நல்லாத் தேய்ச்சு மூக்குக்குக் கிட்டப் பிடி எண்டார். முதல் அல்ககோல் நெடி போச்சுது, பிறகு சூடான பாண் மணம், அதுக்குப் பிறகு கிராம்பு. பிறகு சின்னக் கிளாஸிலை விரலளவு, ஐஸ் இல்லை, சோடா இல்லை, ஒரு தேக்கரண்டி தண்ணி மட்டும். அவற்றை தேப்பன் ரை விதைச்ச கமக்காரனாம். ரையை ஃபோலிலை, இலையுதிர்காலத்திலை, விதைக்கிறது, முளைச்சு ஒரு சாண் வர ஸ்னோ மூடும், அதுக்குக் கீழை சாகாமல் கிடந்து ஸ்பிரிங்கிலை மற்றப் பயிருக்கு முன்னம் எழும்பும் எண்டு கையாலை காட்டிக் காட்டிச் சொன்னார். நான் அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் இங்கிலிஷ் கதைச்சனான், கனடா வந்து முதல்தரம்.

அதாலை உமக்குச் சொல்லுறன், லொட் நம்பர் 40 வாங்கும். விண்சரிலை ஹைரம் வோக்கர் டிஸ்டிலரியிலை வடிக்கிறது, நூறு வீத ரை. கிடைக்காட்டி கிரவுன் ரோயலின்ரை நோர்தேர்ன் ஹார்வெஸ்ட், அதிலை 90 வீதம் ரை, 2016க்கு உலகத்திலை சிறந்த விஸ்கி எண்டு விஸ்கி விமர்சகர் ஜிம் மரே அதைத்தான் தெரிவு செய்தவர். சுப்பர்வைசர் ஜிஞ்சர் ஏல் விட்டுக் குடிச்சாலும் ஒண்டும் நினைக்காதையும், இஞ்சத்தைய ஆக்களின்ரை வழமை அது. நீர் முதல் வாயை வெறுமனே குடிச்சுப் பாரும். குடிக்கிற பழக்கம் இல்லையெண்டா ஜிஞ்சர் ஏலைக் கையிலை வைச்சிரும், ஒருத்தரும் கட்டாயப்படுத்த மாட்டினம், எங்கடை ஆக்கள் மாதிரி இல்லை.

கார் ஓடிக்கொண்டு மட்டும் போகாதையும். ஜீ1, ஜீ2 எண்டு புதுசா ஓடுற ஆக்களுக்குக் குடுக்கிற லைசென்ஸ் வைச்சிருக்கிறவைக்கு ஒன்டாரியோவிலை ஒரு சொட்டும் கூடாது. 2018 டிசம்பரிலை இருந்து குடிச்சிட்டு ஓடுற குற்றத்துக்கு உச்சத் தண்டனையை 10 வருசமாக்கினதாலை இமிகிரேஷன் சட்டத்திலை அது பாரதூரமான குற்றம், ஃபைன் மட்டும் கட்டித் தப்பினாலும் பி.ஆர்., அதுதான் நிரந்தர வதிவிட உரிமை, பறிபோய் நாட்டை விட்டு அனுப்புற அளவுக்குப் போகும். சிட்டிசன் எடுத்தவை உமக்கு ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுவினம், அவைக்கு அந்தப் பயம் இல்லை, உமக்கு இருக்கு. பஸ்ஸிலை போம், இல்லாட்டி ஊபர். ஆரும் காரிலை கொண்டுவந்து விட்டு, மிஞ்சின போத்திலையும் கையிலை தந்துவிட்டா அதை ட்ரங்கிலை வைக்கச் சொல்லும், திறந்த போத்தில் காருக்குள்ளை கைக்கெட்டிற இடத்திலை இருந்தா அதுக்கும் ஃபைன் எழுதுவாங்கள்.