சம்பளம் அதிகமா வர்ற வேலையா, மனசுக்கு புடிச்ச வேலையா? ரெண்டு ஆஃபர் கையில இருக்கு, எத எடுக்கறது?

கேள்வில நீங்க சொன்னது இதுதான்: ரெண்டு ஆஃபர் வந்திருக்கு, ஒண்ணுல சம்பளம் இன்னொண்ண விட 40 சதவீதம் அதிகம் ஆனா வேலை செம போர்னு இப்பவே தெரியுது, இன்னொண்ணு ரொம்ப நாளா ஆசப்பட்ட வேலை, காசு கம்மி. ஒரு வாரத்துல பதில் சொல்லணும்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. கடன் இருக்கா? மாசக் கடைசில பேங்க் பேலன்ஸ் பாக்கறப்ப வயித்த கலக்குதா? வீட்ல யாருக்காவது திடீர்னு உடம்பு முடியாம போனா யார்கிட்ட போய் நிக்கறதுன்னு யோசிக்கற நிலமையா? ஆமான்னா இதுக்கு மேல படிக்கவே வேணாம், அதிக சம்பளத்த எடுங்க, அதுல எந்த குற்ற உணர்ச்சியும் வேணாம். பணம் பெருசில்ல மனசு தான் பெருசுன்னு அட்வைஸ் பண்றவங்கள்ல முக்காவாசி பேரு அந்த நிலமைய எப்பவோ தாண்டிட்டவங்க, மிச்ச பேரு அத பாத்ததே இல்ல. கடன்காரன் போன் வர்றப்ப மனநிறைவு எந்த மூலைல இருக்கும்னு அவங்களுக்கு தெரியாது.

அதெல்லாம் இல்ல, சாப்பாடு வாடகைக்கு கவலையில்ல, ஓரளவு சேமிப்பும் இருக்குன்னா தான் இது யோசிக்க வேண்டிய கேள்வி. அப்படின்னு வச்சுக்கிட்டு மேல எழுதறேன்.

பணத்தால சந்தோஷம் வருமா வராதாங்கறதுல எல்லாரும் ஒரு கணக்கு சொல்லுவாங்க, வருஷத்துக்கு 75 ஆயிரம் டாலருக்கு மேல சம்பாதிச்சா சந்தோஷம் ஏறாதுன்னு. அது 2010ல உளவியல் ஆராய்ச்சியாளர் டேனியல் கானமனும் பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கா டேட்டாவ வச்சு எழுதின ஆராய்ச்சி பேப்பர்ல வந்தது. அதோட நிறுத்திக்கறாங்க பாருங்க, அங்க தான் பிரச்சனை. 2021ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்னு ஒருத்தர் போன் ஆப் வழியா மக்கள நாள் நடுவுல அப்பப்ப கூப்பிட்டு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டு டேட்டா எடுத்தாரு, அதுல சந்தோஷம் எங்கயும் நிக்கல, ஏறிட்டே போச்சு. அப்புறம் சண்ட போடாம கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸ்னு இன்னொரு ஆராய்ச்சியாளர நடுவுல வச்சுக்கிட்டு சேந்தே உக்காந்து 2023ல இன்னொரு பேப்பர் போட்டாங்க. வந்த முடிவு என்னன்னா, பெரும்பாலானவங்களுக்கு வருமானம் கூட கூட சந்தோஷமும் கூடுது, ஏற்கனவே ரொம்ப வருத்தத்துல இருக்கற ஒரு சின்ன கூட்டத்துக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் பக்கத்துல அது நின்னுடுது, அதுக்கு மேல அவங்க வருத்தம் காசால தீர்றதா இல்ல.

இதுல எனக்கு முக்கியமா பட்டது வேற. வருமானம் எவ்ளோ கூடுதுங்கறத விட எத்தன சதவீதம் கூடுதுங்கறது தான் கணக்கு. அதாவது கம்மியா வாங்கறவனுக்கு சம்பளம் ரெண்டு மடங்கானா என்ன ஏத்தமோ, நிறைய வாங்கறவனுக்கும் ரெண்டு மடங்கானா தான் ஏறக்குறைய அதே ஏத்தம். மேல போகப் போக அதே அளவு சந்தோஷத்துக்கு கொட்ட வேண்டிய காசு கூடிட்டே போகும். அதனால உங்க 40 சதவீதத்த சும்மான்னு நான் சொல்ல மாட்டேன், அது பெருசு தான். ஆனா அது நெஜமாவே 40 தானான்னு பாருங்க.

ஒரு பேப்பர் எடுத்து போடுங்க. கம்மி சம்பளம் 100னு வச்சுக்கோங்க, அதிகம் 140. 100ல வரி அது இதுன்னு 20 போய் கைக்கு 80 வருதுன்னு வச்சா, கூட வர்ற 40 மேல் ஸ்லாப்ல உக்காரும், அதுல 12 போச்சுன்னா 28 தான் மிச்சம், ஆக 108. இப்ப நேரம். புடிச்ச வேலைல போக வர டைமும் சேத்து வாரத்துக்கு 45 மணி நேரம், அதிக சம்பள வேலைல நைட் கால், வீக்கெண்ட் மெயில், டிராபிக் எல்லாம் சேத்து 58 மணி நேரம்னு வைங்க. மணிக்கணக்குல வகுத்து பாத்தா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 சதவீதம் கூட வராது. உங்க நம்பர் வேற மாதிரி இருக்கலாம், ஒருவேள அதிக சம்பள வேலைல தான் ஆறு மணிக்கு கடைய மூடிட்டு கெளம்ப விடுவாங்களோ என்னவோ, அப்ப கணக்கு அப்படியே திரும்பிடும். போட்டு பாக்காம 40 சதவீதம் 40 சதவீதம்னு மனசுக்குள்ள ஓட்டாதீங்க, அவ்ளோதான்.

பணத்து பக்கம் இன்னொரு நியாயம் இருக்கு, அத யாரும் சரியா சொல்றதில்ல. அடுத்த கம்பெனிக்கு போறப்ப நிறைய இடத்துல இப்ப என்ன வாங்கறீங்கன்னு தான் கேப்பாங்க, அதுக்கு மேல தான் ஹைக் பேசுவாங்க, அதனால இன்னிக்கு ஏத்தின சம்பளம் வருஷா வருஷம் கூடவே வரும். சேமிப்பும் அப்படித்தான், 8 சதவீதம் வளர்ற எடத்துல போட்ட காசு 9 வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகும், 25 வயசுல ஒதுக்கினதுக்கும் 40ல ஒதுக்கினதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனா அது ஒதுக்கினா தான். கூட வர்ற 28 அப்படியே பெரிய வீட்டு இஎம்ஐக்கும் வண்டி இஎம்ஐக்கும் போச்சுன்னா நீங்க சம்பளம் வாங்கல, விலங்கு வாங்கிருக்கீங்க. அதுக்கப்புறம் மேனேஜர் என்ன பேசினாலும் வாய மூடிட்டு இருக்கணும், ஏன்னா 5ஆம் தேதி தவணை போகணும்.

சரி மனநிறைவுக்கு வருவோம், உண்மைய சொன்னா எனக்கு பேச ஆசையே இத பத்தி தான்.

நான் மொதல்ல இருந்த கம்பெனி பெருசு, சம்பளமும் பெருசு. என் வேலை வாராவாரம் ஒரு ரிப்போர்ட் போடறது. நாலு எடத்துல இருந்து நம்பர் இழுத்து, சார்ட் போட்டு, கலர் மாத்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில்ல தட்டி விடணும். யாராச்சும் படிக்கறாங்களான்னு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சு. ஒரு வாரம் கடைசி பக்கத்துல இருக்கற டேபிள, தலைப்ப மட்டும் விட்டுட்டு உள்ள நம்பரே இல்லாம அனுப்பினேன். ஒருத்தரும் கேக்கல. அடுத்த வாரமும் அப்படியே அனுப்பினேன், “தேங்க்ஸ், குட் ஒர்க்”னு ஒரு ரிப்ளை வந்துச்சு. சம்பளம் டாண்ணு ஒண்ணாந்தேதி வரும், கேன்டீன் நல்லா இருக்கும், ஏசி குளுகுளுன்னு இருக்கும், ஞாயித்துக்கிழமை மதியத்துல இருந்தே நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கும்.

இப்ப இருக்கறது சின்ன டீம், ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ல ஸ்டாக் பாக்கற சாஃப்ட்வேர் பண்றோம். சம்பளம் அங்க வாங்கினத விட கம்மி. சேந்த கொஞ்ச நாள்லயே ஸ்டோர்ல இருக்கற ஒரு பெரியவரு நேரா எனக்கு போன் பண்ணாரு. “தம்பி, அந்த பட்டன் ரொம்ப பொடியா இருக்குப்பா, கிளவுஸோட அழுத்தினா பக்கத்துல இருக்கறது அமுங்கிடுது, கொஞ்சம் பெருசா வச்சு குடுங்களேன்.” அன்னிக்கு மத்தியானமே மாத்தி விட்டேன், சாயங்காலம் திரும்ப கூப்பிட்டு இப்ப சரியா இருக்குன்னாரு. பாக்கப்போனா ஒரு பட்டன பெருசாக்கினது, ஒரு பத்து நிமிஷ வேலை. ஆனா யாருக்கு எதுக்கு செய்யறோம்னு தெரிஞ்சு செஞ்சேன், செஞ்சது சரியா தப்பான்னு அன்னிக்கே தெரிஞ்சுது, யார்கிட்டயும் அப்ரூவல் வாங்க நிக்கல.

இந்த மூணும் தான் விஷயம்னு பின்னாடி படிச்சப்ப புரிஞ்சுது. ஹாக்மன், ஓல்தம்னு ரெண்டு பேரு 1970கள்ல வேலைய பத்தி ஆராய்ச்சி பண்ணி, எதனால ஒரு வேலை அர்த்தமா தெரியுதுன்னு அஞ்சு விஷயம் சொன்னாங்க: பல திறமைய பயன்படுத்தற வாய்ப்பு, ஒரு வேலைய முழுசா ஆரம்பத்துல இருந்து முடிவு வர செய்யறது, அது யாருக்காவது உபயோகமா இருக்கறது, நம்ம இஷ்டத்துக்கு முடிவெடுக்கற சுதந்திரம், செஞ்சது எப்படி இருக்குன்னு உடனே தெரியறது. இதுல பாருங்க, எந்த துறைங்கறது லிஸ்ட்லயே இல்ல! புடிச்ச துறைல போய் உக்காந்தும் இந்த அஞ்சும் இல்லாம வெந்து போறவங்க இருக்காங்க, யாரும் ஆசப்படாத துறைல இது அஞ்சும் கெடச்சு ஜாலியா இருக்கறவங்களும் இருக்காங்க. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் கூட இருந்தவங்களும் 1997ல போட்ட பேப்பர்ல, ஏறக்குறைய ஒரே வேலைய பாத்த 24 நிர்வாக உதவியாளர்கள தனியா எடுத்து பாத்தாங்க. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இது சம்பளத்துக்கு பாக்கற வேலைன்னாங்க, ஒரு பங்கு மேல ஏற ஒரு படின்னாங்க, மிச்ச ஒரு பங்கு இதுக்கு தான் நான் பொறந்தேங்கற மாதிரி பேசினாங்க. வேலை ஒண்ணுதான்.

அந்த அஞ்சுலயும் எனக்கு சுதந்திரம் தான் முதல். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல 1985ல இருந்து தொடர்ந்து பாத்துட்டு வர்ற வைட்ஹால் ஆய்வுல, தன் வேலை மேல தனக்கு கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு இதய நோய் அதிகமா வந்தது தெரிஞ்சுது. மன உளைச்சல் பெரிய பதவில இருக்கறவனுக்கு தான்னு நம்ம நெனச்சிட்டு இருக்கோம், அங்க கீழ இருக்கறவங்க தான் அதிகம் பாதிக்கப்பட்டாங்க. அது ஒண்ணு தான் காரணம்னு சொல்லிட முடியாது, ஆனா அடுத்தவன் சொல்ற நேரத்துக்கு அடுத்தவன் சொல்றத மட்டும் செய்யற பொழப்பு உடம்புலயும் போய் உக்காருதுங்கறத நான் நம்பறேன்.

இப்ப புடிச்ச வேலை பக்கம் இருக்கற ஓட்டையயும் சொல்லிடறேன். உங்களுக்கு புடிச்சிருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். 2009ல பண்டர்சன், தாம்ப்ஸன்னு ரெண்டு பேரு மிருகக்காட்சிசாலைல மிருகங்கள பாத்துக்கறவங்கள வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, நிறைய பேரு டிகிரி படிச்சவங்க, சம்பளம் ரொம்ப கம்மி. இது என் பிறவிக்கடன்னு நெனச்சவங்க தான் காசையும் நேரத்தையும் அதிகமா விட்டுக்குடுத்தாங்க, நிர்வாகம் தங்கள ஏச்சுடுமோங்கற சந்தேகமும் அவங்களுக்கு தான் அதிகமா இருந்துச்சு. ஆசைக்கு ஒரு தள்ளுபடி இருக்கு, அத நீங்க குடுக்கறீங்க, அவங்க வாங்கிக்கறாங்க. இன்டர்வியூல “நாங்கல்லாம் ஒரு குடும்பம் மாதிரி”ன்னு ரெண்டு தடவைக்கு மேல சொன்னாங்கன்னா சம்பளத் தேதிய தனியா விசாரிச்சுக்கோங்க. என் டீம்லயும் ஒரு தடவ சம்பளம் தள்ளி தான் வந்துச்சு, அந்த பத்து நாளு பட்டன் பெருசாக்கின திருப்தி எனக்கு ஒண்ணும் சோறு போடல.

அதனால ரெண்டு எடத்துலயும் அங்க இப்ப வேலை பாக்கற ஒருத்தர புடிச்சு பேசுங்க, ஹெச்ஆர் கிட்ட இல்ல. கம்பெனி எப்படின்னு பொதுவா கேட்டா நல்லா இருக்கும்னு தான் சொல்லுவாங்க. போன செவ்வாய்க்கிழமை காலைல இருந்து சாயங்காலம் வர என்னென்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. எத்தன மீட்டிங், அதுல எத்தன உருப்படி, ஒரு சின்ன மாத்தம் செய்ய எத்தன பேர்கிட்ட கேக்கணும், கடைசியா அங்க பேப்பர் போட்டுட்டு போனவரு ஏன் போனாரு. இந்த நாலு பதில்ல தெரிஞ்சிடும். போர்னு நீங்க ஒதுக்கின வேலை அவ்ளோ போர் இல்லாம போகலாம், ஆசப்பட்ட வேலைல முக்காவாசி நாள் எக்ஸெல் ஷீட்டோட மாரடிக்கறதா கூட இருக்கலாம், பேரு மட்டும் தான் அழகா இருக்கும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வேற வழி எடுத்தான், அது உங்களுக்கு செட் ஆகலாம். புடிக்காத வேலை, நல்ல சம்பளம், கல்விக் கடன் முடியற வரைக்கும் தான்னு சேர்றப்பவே தேதி குறிச்சிட்டு போனான். இஎம்ஐ வேற எதுவும் ஏத்திக்கல, கடன் முடிஞ்ச மாசமே பேப்பர் போட்டுட்டான். தேதி குறிக்காம “கொஞ்ச நாள் சம்பாதிச்சிட்டு”ன்னு போனவங்க எனக்கு தெரிஞ்சு யாரும் வெளிய வரல, அடுத்த போனஸ், அடுத்த அப்ரைசல்னு அங்கயே நரைச்சுட்டாங்க.

கடன் இல்ல, ஆறு மாசம் ஓட்டற அளவுக்கு சேமிப்பு இருக்கு, அந்த செவ்வாய்க்கிழமை விசாரணைலயும் புடிச்ச வேலை தேறிடுச்சுன்னா, நானா இருந்தா அதத்தான் எடுப்பேன். ஆனா வந்த சம்பளத்துக்கு அப்படியே தலையாட்ட மாட்டேன். இன்னொரு ஆஃபர் இருக்குன்னு மெயில்ல மரியாதையா சொல்லி, இடைவெளில பாதியாச்சும் குறைக்க முடியுமான்னு கேளுங்க. காசு முடியாதுன்னா ஆறு மாசத்துல சம்பளத்த திரும்ப பேசறதா எழுத்துல குடுக்க சொல்லுங்க, அதுவும் முடியாதுன்னா வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை கேளுங்க, போக வர நேரம் மிச்சமானா மேல போட்ட மணிக்கணக்கு இன்னும் உங்க பக்கம் சாயும். ஒரு வாரம் தான் டைம்ங்கறீங்க, இன்னிக்கு நைட்டே அந்த மெயில போட்டுடுங்க, கையெழுத்து போட்டப்புறம் கேட்டா “பாப்போம்”ங்கற பதில் தான் வரும்.