கழற்றிப் பார்த்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

கணினி, மென்பொருள், மின்னணுப் பொழுதுபோக்கு ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவை கணபதியில் வசித்துக்கொண்டு பழைய கருவிகளைக் கழற்றி மாட்டுவதையே ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்திருக்கும் நம் கட்டுரையாளர் பதில் அளிக்கிறார்.

எங்களிடம் உள்ள எம்பிராய்டரி மெஷின் டிசைனை ஃப்ளாப்பியிலிருந்து மட்டுமே படிக்கும். புதிய ஃப்ளாப்பி கிடைப்பதில்லை. இருப்பவையும் பாதித் தையலில் நின்றுவிடுகின்றன. மெஷினையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா? (வாசகர், திருப்பூர்)

உண்டு. உங்கள் மெஷினில் மோட்டாரும் ஊசித் தலைகளும் சட்டமும் நன்றாக இருக்கும்போது, சில நூறு ரூபாய் பெறாத ஒரு டிரைவுக்காக முழு மெஷினையும் எடைக்குப் போடுவது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு அறுந்ததற்காக மாட்டை விற்பதைப் போன்றது. சோனி நிறுவனம் 2011 மார்ச்சிலேயே மூன்றரை அங்குல ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய இருப்பு என்பதால், அதைத் தேடி அலைவதை இத்துடன் விட்டுவிடலாம்.

தேவைப்படுவது ஃப்ளாப்பி எமுலேட்டர். கோடெக் என்ற பெயரில் வரும் இந்தச் சிறு பெட்டி, பழைய டிரைவ் இருந்த அதே இடத்தில், அதே 34 பின் ரிப்பன் கேபிளில் பொருந்தும். முன்பக்கம் பென் டிரைவ் செருகினால், மெஷின் அதனை ஃப்ளாப்பி என்றே நம்பிக்கொள்ளும். பெட்டியுடன் வரும் மென்பொருள் பென் டிரைவை எண்ணிட்ட பல துண்டுகளாகப் பிரித்து, இரண்டு பொத்தான்களால் எண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கும். அதற்குப் பதிலாக, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஃபிளாஷ்ஃப்ளாப்பி என்ற மென்பொருளை அதில் ஏற்றிக்கொண்டால், ஒவ்வொரு ஃப்ளாப்பியின் முழு நகலையும் ஒரு சாதாரணக் கோப்பாகவே பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். என் பரிந்துரை இரண்டாவதுதான்.

வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய எம்பிராய்டரி மெஷின்களில் சில 1.44 எம்பி ஃப்ளாப்பியையும், சில 720 கேபி ஃப்ளாப்பியையும் எதிர்பார்க்கும். ஃப்ளாப்பியின் மூலையில் எழுதும் தடைக்கான துளையைத் தவிர எதிர் மூலையிலும் ஒரு துளை இருந்தால் அது 1.44. இதைப் பாராமல் வாங்கிவிட்டு, பெட்டியே சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மாட்டும்போது ரிப்பனின் வண்ணக் கோடு ஒன்றாம் பின் பக்கம் இருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் யூனிட்டில் அதனைத் தலைகீழாகச் செருகிவிட்டு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

இதைவிட அவசரமான வேலை, இருக்கும் ஃப்ளாப்பிகளில் உள்ள டிசைன்களை இன்றே வெளியே எடுப்பது. விண்டோஸ் அவற்றைப் படிக்க மறுத்தால் அவை கெட்டுவிட்டன என்று எண்ண வேண்டாம். மெஷின் தனக்கென்று வேறு முறையில் ஃபார்மேட் செய்திருக்கலாம். காந்தப் பதிவின் மாற்றங்களை அப்படியே அளந்து நகலெடுக்கும் கிரீஸ்வீசல் என்ற சிறு பலகை அத்தகைய வட்டுகளையும் படிக்கும். இனிமேல் பஞ்சிங் (படத்தைத் தையல் கோப்பாக மாற்றுவது) செய்து வாங்கும்போது டிஎஸ்டி கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஊசியின் அசைவும் நூல் மாற்ற வேண்டிய இடமும் இருக்குமே தவிர, நூலின் நிறம் இருக்காது; ஆகவே நிறப் பட்டியலைத் தனியே எழுதி வையுங்கள். சிறிய டிசைன்களை நீங்களே உருவாக்க விரும்பினால், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுடன் சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்டிச் இலவசமாகவே கிடைக்கிறது.

என் தாத்தா ஜக்கார்டு தறியில் பெட்ஷீட் நெய்தவர். அந்த அட்டைகள்தாம் கணினிக்கு முன்னோடி என்று கல்லூரியில் சொன்னார்கள். உண்மையா? (வாசகி, சென்னிமலை)

பெருமளவு உண்மை. பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய அமைப்பில், அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுந்து பாவு நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. அந்த இடைவெளியில் ஊடை செல்லும். ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்களில் பூவையும் மயிலையும் எழுதிய மொழி அது. ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ், தாம் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்குப் பொறிக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஹாலரித்தின் துளை அட்டைகள் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணின. ஆனால் தறி எதையும் கணக்கிடுவதில்லை, எழுதியதை வரிசையாகப் படிக்கிறது, அவ்வளவே. அந்த வகையில் அட்டைக் கட்டு, மேலே திருப்பூர்க்காரர் கேட்ட ஃப்ளாப்பிக்கு மூத்த பங்காளி. தாத்தாவின் அட்டைகள் பரணில் இருந்தால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். அவற்றிலிருந்து டிசைனைத் திரும்ப வரைவது கடினமான புரோகிராம் அன்று.

2015இல் வாங்கிய மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். கடிதம் எழுதுவதும் இணையம் பார்ப்பதும்தான் என் பயன்பாடு. லினக்ஸ் போடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

போடலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் புதிய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. தங்கள் கணினியில் அவை இல்லை என்பதற்கு, அது வேலைக்கு ஆகாது என்று பொருள் இல்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் நிறுவினால் போதுமானது. நிறுவுவதற்கு முன்பு பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

இதே கேள்வியை டாலியில் கணக்கு எழுதும் ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். பிழைப்பு ஒரு விண்டோஸ் மென்பொருளில் நிற்கும்போது லினக்ஸ் மீதுள்ள ஆசைக்காக அதனை அசைக்கக் கூடாது. இன்னொன்று: மின்சாரம் போய் வந்த பிறகு தேதி பின்னோக்கிப் போய், எல்லா இணையதளங்களும் பாதுகாப்பற்றவை என்று கணினி சொல்லத் தொடங்கினால், வைரஸ் என்று பயப்பட வேண்டாம். பல கணினிகளில் பொத்தான் அளவுள்ள ஒரு மூன்று வோல்ட் பேட்டரி உள்ளே இருக்கிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் புதிய கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. தமிழ் அழிந்துவிட்டதா? (அச்சகத்தார், கரூர்)

அழியவில்லை, அங்கே தமிழ் முதலிலிருந்தே இல்லை. பாமினியில் “அம்மா” என்று அடித்தபோது கோப்புக்குள் பதிந்தது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டியது. வேடம் கலைந்ததும் உள்ளே இருப்பது தெரிகிறது. எழுத்துரு மாற்றி மூலம் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், ஆயினும் ஆங்கிலச் சொற்கள் கலந்த வரிகளில் எது ஆங்கிலம் என்று அந்த மாற்றிக்குத் தெரியாது என்பதால், அவற்றைக் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகை பாமினியில் அடிக்கப்படுவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. பழைய எழுத்துருக்களின் வளைவு அழகு என்பார்கள். அதனை நான் மறுக்கவில்லை. அந்த அழகுக்கு இப்போது நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள்.

இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையும் ரிலே என்ற மின்சுவிட்சும் வைத்து, தோட்டத்துப் போர் மோட்டாரைக் கைபேசியிலிருந்து இயக்க நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன? (பாலிடெக்னிக் மாணவர், காங்கேயம்)

மோட்டாரைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. மும்முனை மின்சாரத்தில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. உங்கள் பலகையிலுள்ள ரிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொண்டால், கைபேசி “நின்றுவிட்டது” என்று காட்டும், மோட்டார் தண்ணீரின்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முனை போனால் நிறுத்துவது, தண்ணீர் வற்றினால் நிறுத்துவது, விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் தாமதித்துக் கிளம்புவது ஆகிய அனைத்தும் கடையில் விற்கும் மொபைல் ஸ்டார்ட்டரில் உள்ளன. தவிர, இஎஸ்பி32 வைஃபையும் புளூடூத்தும் மட்டுமே அறியும். தோட்டத்தில் வைஃபை ஏது? அப்பா மோட்டார் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் போடும் நேரத்தில் நீங்கள் வகுப்பிலிருந்து பொத்தானை அழுத்திவிடும் அபாயத்தையும் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கைத்திறனைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதை வீட்டுத் திண்ணையில் காட்டும் கருவியைச் செய்யுங்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, வரையறுத்த திறனுக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். அந்த அலைவரிசையில் இயங்கும் லோரா என்ற நெடுந்தூர ரேடியோப் பலகை இரண்டு இருந்தால், தென்னந்தோப்பைத் தாண்டியும் செய்தி வந்து சேரும், சிம் கார்டும் மாதக் கட்டணமும் தேவையில்லை. நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் தன் முகத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள், அளக்காது என்பதால் அதனை நீர் நிரம்பும் மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பொருத்துங்கள். இதில் தவறு நேர்ந்தால் திரையில் எண் தப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயது மகனுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆர்வம். எந்த கிட் வாங்கலாம்? (வாசகி, பொள்ளாச்சி)

கிட் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் கலக்காத சால்டர் கம்பி, பேட்டரியில் ஓடும் பழுதான ரேடியோ ஒன்று. பிளக்கில் செருகும் எதையும் இப்போதைக்குத் திறக்க விடாதீர்கள். கணினி பவர் சப்ளையின் உள்ளே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சுமை தங்கியிருக்கக்கூடும். ரேடியோ பாடாவிட்டால் கவலை இல்லை.

என் வீட்டுக்காரர் “ஒரு நாள் உதவும்” என்று பழைய போர்டுகளால் அலமாரியை நிரப்பிவிட்டார். எதையெல்லாம் தூக்கிப் போடலாம்? (வாசகி, ஈரோடு)

உப்பிய லித்தியம் பேட்டரி எதுவாயினும் அவரைக் கேட்காமலேயே வெளியேற்றுங்கள், அது தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். மற்றவற்றில் அவர் பெயர் சொல்லத் தெரியாத போர்டுகளைக் கழிக்கலாம். கேபிள்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். முதல் பதிலில் சொன்ன என் நண்பரின் மெஷினுக்கு அன்று மாட்டிய ரிப்பன் கேபிள், பதினைந்து ஆண்டுகளாக என் மனைவி வீசச் சொல்லிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியிலிருந்துதான் வந்தது. அந்தச் செய்தியை நான் அவரிடம் சொன்ன விதம்தான் சரியில்லை.